நூற்றுவர் தலைவர் தரும் பாடம்

திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லுகிறோம். ஆண்டவர் நம் இல்லத்துள் எழுந்தருள நாம் தகுதியற்றவர்கள். அவர் ஒரு சொல் சொன்னாலே போதும் என்னும் கருத்துடைய மன்றாட்டு அது. இதனை முதன்முதல் சொன்னவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அவர் துறவியல்லர், திருத்தூதருமல்லர். கப்பர்நாகூமில் இருந்த உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் அவர். தம் மனைவிக்காகவோ மகனுக்காகவோ அவர் வேண்டவில்லை. தம் வீட்டில் முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த ஓர் ஊழியனுக்காகவே இயேசுவைத் தேடி வந்தார்.

தமக்குக் கீழே வீரர்கள் இருப்பதையும், தாம் சொன்னால் ஒருவன் போவதையும் மற்றொருவன் வருவதையும் அவரே எடுத்துச் சொல்லுகிறார். அதிகாரம் இன்னதென்று நன்கறிந்தவர் அவர். அந்த அதிகாரத்தைக் கொண்டு ஊழியனை விரட்டவில்லை; நோயுற்றவனை நீக்கிவிட்டு வேறொருவனை அமர்த்தவுமில்லை. தம் கீழுள்ளவனுக்காகத் தம் மேலுள்ளவரிடம் கெஞ்சி நின்றார். இத்தகைய விசுவாசத்தை இஸ்ராயேலரிடத்தும் கண்டதில்லை என்று ஆண்டவரே வியந்தார்.

இம்மாதம் நாம் சிந்திக்கப்போவது மருத்துவமனைகளை நடத்துவோரைப் பற்றி. அவர்களுக்கு இந்த நூற்றுவர் தலைவரைவிடச் சிறந்த வழிகாட்டி கிடைப்பது அரிது. ‘நாங்கள் மருத்துவமனை நடத்தவில்லையே, எங்களுக்கு இதில் என்ன?’ என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பங்குகளில் செவிலியர் வேலைக்குச் சென்ற மகளோ மருமகளோ இல்லாத தெரு எத்தனை? நம்முள் நோயாளியாய்ப் படுக்காதவர் எத்தனை பேர்? ஆகவே இஃது நம் அனைவரையும் தொடும் காரியமே.

எல்லாத் தொழில்களிலும் மேலோர் கீழோர் உண்டு. எனினும் மருத்துவமனைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே பதவி உயர உயர, நோயாளியின் படுக்கைக்கும் அப்பதவிக்கும் உள்ள தூரமும் பெருகுகின்றது. நிர்வாகி அலுவலகத்தில் இருக்கிறார். பெரிய மருத்துவர் காலையில் சில நிமிடங்கள் வந்து பார்க்கிறார். மேட்ரன் பல வார்டுகளைக் கவனிக்கிறார். இரவெல்லாம் நோயாளியின் அருகே இருப்பவர் இளம் செவிலியரே. படுக்கையை மாற்றும் ஆயாவே, நோயாளியின் முதுகு சிவந்து புண்ணாகத் தொடங்குவதை முதலில் காண்கிறார். தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்லும் ஊழியரே, நோயாளி வழியில் பேச்சுக் குழறுவதை முதலில் கேட்கிறார். இவ்வாறு ஆபத்தை முதலில் காணும் கண்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் இருப்பவர்களின் கண்களே. அவர்கள் கண்டதைச் சொல்லத் துணிவார்களா, மாட்டார்களா என்பதில்தான் பல வேளைகளில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. அத்துணிவைக் கொடுப்பவரும் பறிப்பவரும் அவர்களுடைய தலைவர்களே.

நாம் நன்கறிந்த இரு மருத்துவமனைகளில், சில ஆண்டு இடைவெளியில், ஏறத்தாழ ஒரே வகையான தவறு நேர்ந்தது. அடுத்தடுத்த படுக்கைகளில் ஒரே பெயருடைய இருவர். ஒருவருக்குரிய மாத்திரையை இரவுச் செவிலியர் மற்றவருக்குக் கொடுத்துவிட்டார். இறையருளால் இரண்டு இடங்களிலும் பெருந்தீங்கு நேரவில்லை.

முதல் மருத்துவமனையில், மறுநாட் காலை அனைவர் முன்னிலையிலும் அந்தப் பெண் நிறுத்தி வைக்கப்பட்டாள். கடுஞ்சொற்கள் பொழியப்பட்டன, சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. அதன்பின் பல மாதங்கள் அங்கே தவறு என்று ஒன்றுகூடக் குறிப்பேட்டில் ஏறவில்லை. ‘கண்டிப்பால் எல்லாம் சீராயிற்று’ என்று நிர்வாகி மகிழ்ந்தார். சீராகவில்லை, மறைக்கப்பட்டது, அவ்வளவே. அங்குப் பணியாற்றியவர்களே பின்னாளில் இதனை நம்மிடம் கூறினர்.

இரண்டாவது மருத்துவமனையில் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி அந்தச் செவிலியரைத் தம் அறைக்கு அழைத்து, முதலில் ஒரு குவளை காபி கொடுத்து அமரச் செய்தார். பிறகு, ‘நடந்ததை வரிசையாகச் சொல், மகளே’ என்றார். அப்போதுதான் உண்மைகள் வெளிவந்தன. அவள் அன்று பகற்பணி முடித்துவிட்டு, வராத ஒருத்திக்காக இரவுப்பணியும் பார்த்திருந்தாள். அந்த மூலையில் விளக்கு எரியவில்லை. இதனை இருமுறை சொல்லியும் எவரும் மாற்றவில்லை. ஒரே பெயருடையவர்களை அடுத்தடுத்துப் படுக்க வைத்தது சேர்க்கைப் பிரிவினர். தவறு அவள் கையால் நேர்ந்தது. ஆனால் அதன் வேர்கள் அவள் கையில் இல்லை. விளக்கு அன்றே மாற்றப்பட்டது. ஒரே பெயருடையோரைச் சேர்த்து வைக்கலாகாதென்றும், மருந்து கொடுக்குமுன் பெயரோடு மருத்துவமனை எண்ணையும் பார்க்க வேண்டுமென்றும் விதி பிறந்தது. இரட்டைப் பணி நிறுத்தப்பட்டது. செவிலியரும் கண்டிக்கப்பட்டாள், ஆனால் தனிமையில், அன்போடு. அந்த மருத்துவமனையின் குறிப்பேட்டில் தவறுகள் குறையவில்லை, கூடின! எனில், முன்பு எவரும் எழுதாதவற்றை இப்போது எழுதலாயினர்.

இது நம் கற்பனையான தத்துவமன்று. ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாய் இருக்கும் என்றே அவர் எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கோ நேர்மாறாய் இருந்தது. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. நல்ல தலைமை உள்ள இடத்தில் ஊழியர் அஞ்சாமல் தவறைச் சொல்லுகின்றனர். அச்சம் ஆளும் இடத்தில் மறைக்கின்றனர். சொல்லப்பட்ட தவற்றைத் திருத்தலாம். மறைக்கப்பட்ட தவறு மற்றொரு நோயாளிக்காகக் காத்திருக்கும்.

கீழ்ப்படியில் உள்ளவர் வாய்திறக்க உரிமை பெற்றால் என்ன நிகழும் என்பதற்கு மிச்சிகன் மாநிலம் சான்று பகர்கின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளிகளுக்குப் பெரிய இரத்தக் குழாயினுள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்தேற்றுவர். அக்குழாய் வழியாகக் கிருமி நுழைந்தால் உயிருக்கே இறுதியாகும். பீட்டர் பிரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர் இதனைத் தடுக்க ஐந்து எளிய விதிகளை வகுத்தார். கைகளைக் கழுவுதல், நோயாளியைத் தூய துணியால் முழுதும் மூடி, மருத்துவரும் தூய அங்கி, கையுறை, முகமூடி அணிதல், குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடை வழியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்துவிடுதல் ஆகியவையே அவை. இவற்றுள் எந்த மருத்துவருக்கும் தெரியாதது ஒன்றுமில்லை. புதுமை வேறிடத்தில் இருந்தது. மருத்துவர் ஒரு விதியைத் தவறவிட்டால், அவசர நிலை இல்லாதபோது, அவரை நிறுத்தும் உரிமை செவிலியருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாறு நிறுத்தும் செவிலியருக்கு மேலதிகாரிகள் துணைநிற்பர் என்பதும் உறுதியாக்கப்பட்டது.

மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதில் பங்குகொண்டன. 2006-ல் வெளியான கணக்கின்படி, குழாய் பொருத்தப்பட்ட 1000 நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டளவில் 1.4 ஆகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. சோப்பும் துணியும் ஒரு தாளும் போதுமாயிருந்தன. அவற்றோடு, ‘ஐயா, நீங்கள் இன்னும் கை கழுவவில்லை’ என்று ஓர் இளம்பெண் சொல்லும் துணிவும், அதனைக் கேட்டுச் சினவாத பெரியோரும் தேவைப்பட்டனர்.

இதற்கு எதிரான காட்சியையும் காண வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு நகரத்து மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நேர்ந்த அவலம் உலகறிந்தது. வரவு செலவை ஒழுங்காக்கி உயர்ந்த தகுதி ஒன்றைப் பெற விரும்பிய நிர்வாகம், செலவைக் குறைக்க 150-க்கு மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது; அவற்றுள் செவிலியர் பணியிடங்களும் அடங்கும். அவசர சிகிச்சைப் பிரிவில், வருவோரின் நிலைமையை முதலில் தீர்மானிக்கும் வேலை வரவேற்பு மேசை ஊழியரிடம் விடப்பட்டது. நோயாளிகள் உண்ணவும் பருகவும் உதவியின்றித் தவித்தனர். அழுக்கான படுக்கைகளில் விடப்பட்டனர். சிலர் முறையிட்டனர், அவர்கள் குரல் மேலே சென்று சேரவில்லை. பலர் அஞ்சி வாளாவிருந்தனர். இறுதியில் அரசு அமைத்த விசாரணை 2013-ல் 290 பரிந்துரைகளோடு முடிவுற்றது. நிர்வாகத்தின் பார்வை கணக்கிலும் இலக்குகளிலும் இருந்ததேயன்றி நோயாளிமேல் இல்லை என்பதே அவ்விசாரணை கண்ட உண்மை. அங்கிருந்த செவிலியர் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர்மேல் நாள்தோறும் சுமத்தினால், இரங்கும் நெஞ்சமும் மரத்துப்போகும். இரக்கம் இறைவன் தந்த கொடை; ஆயினும் அது களைத்த உடலில் நெடுநாள் தங்குவதில்லை.

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் திருச்சபை மருத்துவப் பணிக்குப் புதியதன்று. நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக 1886-ல் அறிவிக்கப்பட்ட புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் 1550-ல் இத்தாலியில் பிறந்தவர், முன்னாள் போர்வீரர், சூதாட்டத்தில் யாவையும் இழந்தவர். காற்புண்ணுக்காக உரோமை நகரின் புனித யாகப்பர் மருத்துவமனையை அடைந்தார். அங்கேயே ஊழியராய் அமர்ந்தபோது, அவருடைய முரட்டுக் குணத்திற்காக வெளியேற்றப்பட்டார். மனந்திரும்பி மீண்டும் வந்தவர், காலப்போக்கில் அதே மருத்துவமனையின் மேற்பார்வையாளர் ஆனார். நோயாளியாகவும், கடைநிலை ஊழியராகவும், நீக்கப்பட்டவராகவும், தலைவராகவும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர் அவர். கூலிக்காக மட்டும் உழைத்தோர் நோயாளிகளைக் கைவிட்டதைக் கண்டு உள்ளம் நொந்தார். கடவுளன்புக்காகப் பணிபுரியும் தோழர்களைத் திரட்டினார். அத்தோழமையே துறவற சபையாய் வளர்ந்தது.

இந்தப் புனிதரின் முன்மாதிரி நம் நிறுவனங்கள் சிலவற்றில் தவறாக எடுத்தாளப்படுவதை நாம் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஊதியம் போதவில்லை என்று ஒரு செவிலியர் சொன்னால், ‘இது சேவை, வியாபாரமன்று’ என்னும் மறுமொழி வருகின்றது. கமில்லஸின் தோழர்களுக்கு உறையுளும் உணவும் முதுமையில் அரவணைப்பும் சபை தந்தது. தாமாக விரும்பி வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். நம் செவிலியரோ தந்தை வாங்கிய கல்விக் கடனை அடைக்க வேண்டும். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டும். நாம் எடுத்த வார்த்தைப்பாட்டை அவர்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. சேவை என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. பிறரிடமிருந்து பறிப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, ‘ஒப்பந்தக் காலம் முடியாமல் போக முடியாது’ என்று சொல்லும் வழக்கமும் இவ்வகையினதே.

உழைப்பவருக்கும் அவர் குடும்பத்திற்கும் போதிய கூலி வழங்குவது தருமமன்று, நீதியே என்பது 1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் முதல் திருச்சபை இடைவிடாது கற்பித்துவரும் உண்மை. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் இதனையே வலியுறுத்தினார். நாட்டின் நீதியும் இன்று இதற்குத் துணைநிற்கின்றது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராய 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்படி அமைந்த குழு, 200-க்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50-க்குக் குறைந்த படுக்கைகள் உள்ள இடங்களில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் வழங்கப் பரிந்துரைத்தது. உலக நீதிமன்றம் ஒன்று சொன்ன பின்னரே நாம் விழிக்க வேண்டுமா? நம் நிறுவனங்கள் முன்னே நடந்திருக்க வேண்டாமா?

‘எங்கள் சிற்றூர் மருத்துவமனைக்கு வருமானமே இல்லை, ஏழைகளிடம் கட்டணத்தை எப்படி உயர்த்துவது?’ என்று நல்லெண்ணமுள்ள நிர்வாகிகள் கேட்பர். இது நேர்மையான கேள்வி. இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. ஆயினும் ஏழை நோயாளிக்கு நாம் காட்டும் சலுகையின் பாரம் முழுவதையும் ஏழைச் செவிலியரின் தோளில் ஏற்றலாகாது. வரவு செலவுக் கணக்கை ஊழியர் முன் வெளிப்படையாய் வைத்து, ‘உள்ளது இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு உயர்த்த முடியும்’ என்று சொல்லும் நிர்வாகியை ஊழியர்கள் மதிப்பதை நாம் கண்டிருக்கிறோம். புதுக் கட்டடமும் பளிங்குத் தரையும் எழுப்ப மட்டும் பணம் கிடைக்கும் இடத்தில், அவர் சொல் எடுபடாது.

பணம் குறைந்த இடத்திலும் ஊழியரை உயர்த்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்து மருத்துவம் பயின்ற மேரி குளோரி 1920-ல் குண்டூருக்கு வந்து, திரு இருதய மரியா என்னும் பெயரோடு துறவறம் பூண்டார். பல ஆண்டுகள் அங்கே அவர் ஒருவரே மருத்துவர். நாடி வந்த நோயாளிகளோ கணக்கற்றவர். தனியொருவராய் எப்படிச் சமாளித்தார்? உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும், பேறு பார்க்கவும், நோயாளரைப் பேணவும் கற்றுக்கொடுத்தார். எழுத்தறிவே அரிதாயிருந்த காலத்தில் அப்பெண்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தார். 1943-ல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் தோன்றவும் அவரே காரணமானார். கற்பித்தலும் நம்புதலும் தலைமையின் இரு கைகள் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

மருத்துவமனைப் பொறுப்பில் உள்ளோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

நாள்தோறும் ஒருமுறை வார்டுகளில் நடந்து வாருங்கள். மாதம் சிலமுறை இரவிலும் செல்லுங்கள். குற்றம் பிடிக்கவன்று, ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்கவே. கேட்டவற்றுள் ஒன்றையாவது அவ்வாரமே தீர்த்து வையுங்கள். தீர்க்க முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள்.

பணிப் பட்டியலை மாதம் பிறக்குமுன் ஒட்டிவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டிய தாய்க்கு, முந்திய நாள் மாலை வரும் தொலைபேசி அழைப்பு பெருந்தண்டனை. பகற்பணியும் இரவுப்பணியும் ஒருவர்மேல் தொடர்ந்து விழாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

பணி மாறும் வேளையில், போகிறவர் வருகிறவருக்கு நோயாளியின் படுக்கையருகே நின்று விவரம் சொல்ல அவகாசம் கொடுங்கள். அந்தக் கால்மணி நேரத்தை வீணென்று எண்ணாதீர்கள்.

பாராட்டைப் பலர் முன் சொல்லுங்கள். கண்டனத்தைத் தனிமையில் சொல்லுங்கள். கண்டிக்குமுன் கேளுங்கள். வேண்டுமென்றே கடமை தவறியவரைத் தண்டிக்கத் தயங்க வேண்டாம். அதுவும் தலைமையின் கடமையே. ஆனால் மயங்கித் தவறியவரையும் வேண்டுமென்றே தவறியவரையும் ஒரே கோலால் அளக்காதீர்கள்.

நோயாளியின் உறவினர் செவிலியரை இழிசொல் சொன்னாலோ, கை ஓங்கினாலோ, அவள் பக்கம் நில்லுங்கள். ‘பொறுத்துப் போ’ என்று அவளிடம் மட்டும் சொல்வது நீதியன்று.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். மருத்துவமனைக்குச் செல்லும்போது, பெரிய மருத்துவரைக் கண்டு கைகூப்புகிறோம். ஆயாவையோ ‘ஏய்’ என்று அழைக்கிறோம். இனி அவரையும் ‘அம்மா’ என்றே அழைப்போம். வெள்ளுடை அணிந்து வீட்டுக்கு வரும் மகளிடம் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேளாமல், ‘இன்று எத்தனை நோயாளரைப் பார்த்தாய்? சாப்பிட நேரம் கிடைத்ததா?’ என்று கேட்போம். மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் பங்கு மக்கள் இடம்பெறும் இடங்களில், படுக்கைகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளர் என்றும் கேட்போம்.

கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவருக்கு ஊழியர் பலர் இருந்திருப்பர். ஒருவன் படுத்ததால் அவர் வீட்டு வேலை நின்றுவிடாது. எனினும் அவன் வேதனையைத் தம் வேதனையாக எண்ணினார். அந்த நாழிகையிலேயே ஊழியன் நலமடைந்தான் என்று நற்செய்தி சொல்லுகின்றது. அடுத்த ஞாயிறு அம்மன்றாட்டு நம் நாவில் வரும்போது, நமக்குக் கீழே உழைக்கும் ஒருவரையேனும் நினைவில் நிறுத்துவோம். அவருக்காக நாம் எவரிடமேனும் சென்று பேசியதுண்டா என்று நம் மனச்சான்றைக் கேட்டுப் பார்ப்போம்.